பிறந்து 12 நாள் ஆன குழந்தை, தூங்காத இரண்டு பேர்: வீடு எப்போது ஒழுங்குக்கு வரும்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் குழந்தை, பிறந்து 12 நாள். வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். கணவருக்கு இன்னும் இரண்டு வாரம் லீவு இருக்கிறது. பகலெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிற குழந்தை இரவு பத்து மணியானதும் கண்ணை உருட்டிக்கொண்டு விழித்துக்கொள்கிறது. தாய்ப்பால்தான், ஆனால் போதுகிறதா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் குளிக்கவும் சாப்பிடவும் நேரம் இல்லை, நேற்று ஈரத் துண்டை யார் காயப் போடுவது என்று ஆரம்பித்த பேச்சு பெரிய சண்டையில் போய் முடிந்திருக்கிறது. "ஒரு ரொட்டீன் எப்போது வரும், அதற்கு இப்போதே என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள், பிறகு பிள்ளை பெற்றவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலையில் பல வருஷம் ஓடியது. சொந்தமாகவும் இரண்டு பெற்றேன். அந்த அனுபவத்தில் நேரடியாகவே சொல்கிறேன் தம்பி: குழந்தைக்கு இப்போது ரொட்டீன் வராது, அதைத் தேடாதீர்கள். ரொட்டீன் போட வேண்டியது உங்கள் இரண்டு பேருக்கும்தான். அதிலும் முதலில் தூக்கத்துக்கு. மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்.

ஏன் வராது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், காரணம் தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஒரே மூச்சில் தூங்குவதில்லை, இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாகத்தான். இரவில் நமக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்கிற ஹார்மோன் அதன் உடம்பில் ஒழுங்கான நேரக் கணக்கோடு சுரக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகும். வயிற்றில் இருந்தபோது அம்மாவின் உடம்பிலிருந்து வந்த பகல் இரவு கணக்கு பிறந்ததும் அறுந்துவிட்டது, சொந்தக் கடிகாரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. வயிறும் சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும். ஆகையால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்பது இந்த வயதில் சரியான கணக்கு. இப்படிப்பட்ட ஆளிடம் போய் "இரவு பத்து முதல் காலை ஆறு வரை தூங்கு" என்றால் எப்படி நடக்கும்?

அதனால் நாள் என்கிற அளவையே கொஞ்ச காலத்துக்கு மறந்துவிடுங்கள். உங்கள் அளவு இப்போது ஒரு சுற்று. விழிப்பது, பால், ஏப்பம், டயப்பர், கொஞ்சம் முகம் பார்ப்பது, திரும்பத் தூங்குவது. ஒரு பால் தொடங்கியதிலிருந்து அடுத்த பால் தொடங்கும் வரை இரண்டு மணி அல்லது மூன்று மணி. அப்படி ஒரு நாளைக்கு எட்டு பத்து சுற்று வரும். ஒரு சுற்றுக்குள் பெரியவர்கள் ஒரே ஒரு வேலை முடித்தால் போதும்: ஒரு சுற்றில் ஒருவர் குளியல், அடுத்ததில் சாப்பாடு, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, படுப்பது. "இன்று ஒன்றுமே செய்யவில்லை" என்று தோன்றுவதற்குக் காரணம் நாள் கணக்கில் பார்ப்பதுதான். சுற்றுக் கணக்கில் பார்த்தால் உங்கள் மனைவி நேற்று பத்து தடவை பால் கொடுத்திருக்கிறார், ஒரு தடவைக்கு அரை மணி என்றாலும் ஐந்து மணி நேர வேலை அது.

பகலும் இரவும் மாறிக் கிடப்பதைப் பற்றி. இது ரொம்ப சாதாரணம், தானாகவே சரியாகும், ஆனால் நீங்கள் கொஞ்சம் தள்ளிவிடலாம். காலையில் திரையை விலக்குங்கள். பகலில் குழந்தை தூங்குகிறது என்று வீட்டை இருட்டாக்கி எல்லோரும் குசுகுசுவென்று பேச வேண்டாம், மிக்ஸி ஓடட்டும், போனில் பேசுங்கள். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பால் இல்லாமல் தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள். இரவில் நேர்மாறு: மங்கலான விளக்கு ஒன்று, பேச்சு குறைவு, கொஞ்சல் இல்லை, மலம் போயிருந்தால் அல்லது நிரம்பிக் கனத்திருந்தால் மட்டும் டயப்பர் மாற்றுவது. இரவு இரண்டு மணிக்கு அது பொக்கை வாயைத் திறந்து உங்களைப் பார்க்கும்போது பேசாமல் இருப்பது கஷ்டம்தான், தெரியும். இருந்தாலும் காலை வரைக்கும் அந்தக் கொஞ்சலைத் தள்ளிவையுங்கள்.

இன்னொன்று, குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி அசைகிற தூக்கம். கண் இமைக்குள் விழி ஓடும், முனகும், முகத்தைச் சுளிக்கும், கை காலை உதறும், சில சமயம் அரை நிமிடம் அழக்கூடச் செய்யும். விழித்துவிட்டது என்று நினைத்து நாம் ஓடிப்போய்த் தூக்குவோம், உண்மையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்பிவிடுவோம். நான் பார்த்த வீடுகளில் பாதிப் பேருக்கு இரவுத் தூக்கம் கெட்டது இதனால்தான். முனகல் கேட்டால் எழுந்து பக்கத்தில் போய் நில்லுங்கள், கையை வைக்காதீர்கள், ஒரு நிமிடம் பாருங்கள். நிஜமாகவே பசி என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும். அழுகை பசியின் கடைசிக் கட்டம். அது வரைக்கும் விட்டால் மார்பைப் பிடிக்க வைப்பதற்கே பத்து நிமிடம் போராட வேண்டும்.

இப்போது பால். போதுகிறதா என்ற சந்தேகம் எல்லா வீட்டிலும் வரும், ஏனென்றால் மார்பில் அளவுக் கோடு இல்லை. உள்ளே போவது தெரியாது, வெளியே வருவதை எண்ணலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு டயப்பர் நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். மலம் முதல் இரண்டு நாள் தார் மாதிரி கறுப்பு, அப்புறம் பச்சை கலந்த பழுப்பு, ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சள், தண்ணீராகச் சின்னச் சின்னத் திப்பிகளோடு. உங்கள் குழந்தைக்கு இப்போது மஞ்சளாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல செய்தி. எடை: பிறந்த முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும், 7 சதவீதம் வரை சாதாரணம், 10 சதவீதத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும், அதன் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். எனவே இந்த வாரம் ஒரு தடவை எடை பாருங்கள், ஒரே தராசில், துணி இல்லாமல். அந்த ஓர் எண் உங்கள் வீட்டில் நடக்கும் பாதி விவாதத்தை முடித்துவைக்கும்.

சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை விடாமல் மார்பிலேயே கிடக்கிறது, எடுத்தால் அழுகிறது என்றால் பால் வற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நிறையக் குழந்தைகள் அந்த நேரத்தில் கொத்துக் கொத்தாகக் குடிக்கும், அதிலும் மூன்றாவது வாரம், ஆறாவது வாரம் வாக்கில் வேகமாக வளரும் நாட்களில் இன்னும் அதிகம். மார்பு காலியாகக் காலியாகத்தான் அடுத்த பால் வேகமாக ஊறும். நிறைந்தே கிடந்தால் உடம்பு "போதும்" என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த நேரத்தில் பயந்துபோய் ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தால் அடுத்த நாள் நிஜமாகவே பால் குறையத் தொடங்குகிறது. தேவைப்பட்டுக் கொடுப்பது வேறு, எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் ஒரு குற்ற உணர்வும் வேண்டாம். பயத்தில் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். தண்ணீர், தேன் எதுவும் இப்போது கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையே இல்லை, ஒரு வயது வரை தேன் ஆபத்து. மார்பில் பிடிக்கும்போது முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம், ஆனால் குடித்து முடிக்கும் வரை வலித்தால், காம்பு வெடித்தால், பிடிப்பு சரியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், பால் கொடுக்கச் சொல்லித்தரத் தெரிந்த நர்ஸ் ஒருவர் நேரில் பார்த்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம் பெரும்பாலும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், தூக்கம். என் மூத்தவன் பிறந்த மூன்றாவது வாரம். அவன் தூங்கும்போதெல்லாம் நான் துணி துவைப்பதும் வீடு பெருக்குவதுமாக இருந்தேன், "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று வார்டில் எல்லோருக்கும் சொன்ன அதே ஆள். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு சோபாவில் சாய்ந்து அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தேன், கண் அசந்துவிட்டது. திடுக்கிட்டு விழித்தபோது நெஞ்சில் அவன் இல்லை. சோபாவின் கைப்பிடிக்கும் என் இடுப்புக்கும் நடுவில் சரிந்து, முகம் மெத்தைத் துணியில் பதிந்து கிடந்தான். மூக்கு ஒரு பக்கம் மடங்கியிருந்தது. தூக்கியதும் அழுதான், ஒன்றும் ஆகவில்லை. அந்த நாலு மணியை இன்று வரை நான் மறக்கவில்லை. குழந்தையோடு தூங்கிப்போக உலகத்திலேயே மோசமான இடம் சோபாதான், கட்டிலைவிடவும் மோசம். இதை நான் பாடமாகப் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். தூக்கமில்லாத உடம்புக்குப் படித்தது எதுவும் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்.

ஆகவே இரவை இரண்டாகப் பிரியுங்கள். இரவு 9 முதல் 2 வரை உங்கள் காவல், 2 முதல் 7 வரை மனைவியின் காவல். அல்லது மாற்றி, உங்களில் யார் இயல்பாகவே லேட்டாகத் தூங்குபவர் என்று பார்த்து. "தாய்ப்பால்தானே கொடுக்கிறோம், நான் என்ன காவல் காப்பது?" என்பீர்கள். பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாம். உங்கள் காவலில் குழந்தை உங்களோடு இருக்கும், மனைவி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேறு அறையில் தூங்குவார். பசி அடையாளம் வந்ததும் நீங்கள் டயப்பரை மாற்றி, குழந்தையைக் கொண்டுபோய் அவரை எழுப்பி, அவர் படுத்தபடியோ சாய்ந்தபடியோ கொடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருங்கள், போனைப் பாருங்கள், என்னவோ செய்யுங்கள், தூங்காதீர்கள். குடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். ஏப்பம், தோளில் போட்டு நடப்பது, திரும்பப் படுக்கவைப்பது எல்லாம் உங்கள் பாடு. இப்படிச் செய்தால் அவர் விழித்திருப்பது ஒரு தடவைக்கு 20, 30 நிமிடம்தான், ஏப்பத்துக்கும் தாலாட்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் இல்லை. 2 மணிக்கு மேல் நீங்கள் தூங்குங்கள், அவர் பார்த்துக்கொள்ளட்டும், எழுந்திருக்க வேண்டும் என்ற குற்ற உணர்வில் நீங்களும் கூட உட்கார்ந்திருந்தால் திட்டமே பாழ். இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருப்பது அன்பாகத் தோன்றும், மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து உடைவீர்கள்.

மூன்று நாலு வாரம் ஆகி, பால் குடிப்பது நன்றாகப் பழகிய பிறகு, பம்ப் வைத்து எடுத்த பாலை ஒரு வேளை நீங்கள் கொடுக்கலாம், அப்போது அவருக்கு ஒரே நீட்டில் ஐந்து மணி நேரம் கிடைக்கும். எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், ஓரிடத்தில் கொதித்து ஓரிடத்தில் ஆறியிருக்கும், வாய் வெந்துவிடும். நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது இந்தப் பிரிவினையைக் கைவிடாதீர்கள், நேரத்தை மட்டும் மாற்றுங்கள், 8 முதல் 12 என்று சுருக்கினால்கூடச் சரி. ஆபீஸ் போகிறவருக்குத் தூக்கம் வேண்டும், வீட்டில் இருப்பவருக்கு வேண்டாம் என்று ஒரு கணக்கு பல வீடுகளில் சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. தூக்கம் கெட்ட ஆள் நாள் முழுக்கத் தனியாக ஒரு பச்சைக் குழந்தையை வைத்திருப்பது எந்த ஆபீஸ் வேலைக்கும் குறைந்த பொறுப்பு இல்லை.

குழந்தை படுக்கும் இடம்: மல்லாக்கப் படுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும், பகல் கோழித்தூக்கத்துக்கும். கெட்டியான, தட்டையான மெத்தை, தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம், கனத்த போர்வை வேண்டாம். முதல் ஆறு மாதம் காவலில் இருப்பவரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில். கக்கினால் மூச்சு அடைக்கும் என்று பக்கவாட்டில் படுக்கவைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது, ஆரோக்கியமான குழந்தை கக்கியதை விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் பத்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதில் மட்டும் யாரோடும் சமரசம் வேண்டாம், எவ்வளவு பெரியவர் சொன்னாலும்.

அழுகை இனிமேல்தான் கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெரி பிராசெல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களை எழுதிவைக்கச் சொல்லி 1962-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு ஏறி, பிறகு இறங்கியது. நன்றாகப் பால் குடித்து நன்றாக வளர்ந்த குழந்தைகளின் கணக்கு அது. பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் வரும். பசியா, ஈரமா, சூடா, குளிரா, விரலிலோ கால் விரலிலோ முடி சுற்றியிருக்கிறதா (சிரிக்காதீர்கள், அம்மாவின் உதிர்ந்த முடி ஒன்று விரலை இறுக்கி வீங்கவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்) என்று ஒரு சுற்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் தோளில் போட்டு நடங்கள், சட்டையைக் கழற்றி நெஞ்சோடு நெஞ்சாகப் போட்டுக்கொள்ளுங்கள், காதருகே "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாக. சில நாள் எதுவும் வேலை செய்யாது, அது உங்கள் தோல்வி இல்லை. உங்களுக்குள் கோபம் ஏறுவது தெரிந்தால், பல் கடிப்பது தெரிந்தால், தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். பாதுகாப்பான இடத்தில் பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் சில நொடியில் மூளையில் ரத்தம் கசியும். நல்லவர்களுக்கும் அந்த நொடி வரும், அதனால்தான் இதை இப்போதே, தெளிந்த மனதோடு இருக்கும்போது, இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டு வேலை பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டயப்பர் மாற்ற ஓர் இடம் போதாது, நீங்கள் பகலில் இருக்கும் அறையில் ஒன்று, இரவில் இருக்கும் அறையில் ஒன்று: பத்து டயப்பர், துடைக்கும் துணி, ஒரு மாற்று உடை, ஒரு மூடியுள்ள தொட்டி, அவ்வளவுதான். பால் கொடுக்கும் இடத்தில் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர், ஒரு துண்டு. இரவு உடைக்குப் பட்டன் வேண்டாம், ஜிப் வேண்டும், மூன்று மணிக்கு இருட்டில் ஆறு பட்டனைச் சரியாகப் போட்ட மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. குழந்தையைத் தினமும் குளிப்பாட்ட வேண்டும் என்று இல்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும், மற்ற நாளில் முகம், கழுத்து மடிப்பு, அடிப்பகுதி துடைத்தால் சரி. தொப்புள்கொடி இன்னும் விழவில்லை என்றால் பயப்படாதீர்கள், மூன்று வாரம் வரைகூட ஆகலாம், எதுவும் தடவாமல் உலர்வாக வையுங்கள், டயப்பர் விளிம்பை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் வேலை செய்ய வருகிறவர்களா, உட்கார வருகிறவர்களா என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு எப்போதும் கதவு திறந்திருக்கட்டும், இரண்டாம் வகைக்கு அரை மணி நேரம். கை கழுவாமல் தொடக் கூடாது, சளி, இருமல், உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள் பிறகு வரட்டும், யாரும் முகத்தில் முத்தம் வேண்டாம். இதைச் சொல்வது உங்கள் வேலை தம்பி, மனைவியைக் கெட்டவராக்காதீர்கள்.

உங்கள் மனைவி திடீர் திடீரென்று அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் ஹார்மோன்கள் சரேலென்று இறங்கும், பெரும்பாலான தாய்மாருக்கு அப்போது காரணமில்லாத அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தை தூங்கினாலும் அவரால் தூங்க முடியவில்லை என்றால், எதிலும் ஒட்டவில்லை, நான் இல்லாவிட்டால் நல்லது என்பதுபோலப் பேசினால், அது வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அபூர்வமானது அல்ல, ஏழு எட்டுப் பேரில் ஒருவருக்கு வருகிறது, மருத்துவத்தால் சரியாகிறது. எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வந்த பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்டால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் என்று சொன்னால், அல்லது இல்லாத குரல் கேட்கிறது என்றால், அன்றைக்கே மருத்துவமனை, அவரைத் தனியாக விடாதீர்கள். அப்பாக்களுக்கும் இந்தச் சோர்வு வரும், பத்தில் ஒருவர் என்கிற அளவுக்கு. அது அழுகையாக வராமல் எரிச்சலாக, வீட்டுக்கு வரப் பிடிக்காமல் இருப்பதாக வரும். துண்டுச் சண்டையைப் பற்றி இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு யோசியுங்கள்.

அவர் உடம்பிலும் கண் வையுங்கள், எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உதிரப்போக்கு நாலு முதல் ஆறு வாரம் வரை குறைந்துகொண்டே வரும், அது இயல்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதாக நனைவது, காய்ச்சல், விடாத தலைவலியோடு கண் மங்குவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் - இதில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

குழந்தைக்கும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டாலே உடனே டாக்டர், வீட்டில் மருந்து கொடுத்துப் பார்ப்பது கிடையாது. எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, தொடர்ந்து இரண்டு வேளை பால் மறுப்பது, ஈர டயப்பர் குறைவது, பச்சை நிறத்தில் வாந்தி, மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுவது, உதடு நீலமாவது, மஞ்சள் நிறம் கால் வரைக்கும் இறங்குவது அல்லது இரண்டு வாரத்தைத் தாண்டியும் போகாதது, மலம் வெள்ளையாகப் போவது. இவையெல்லாம் அன்றைக்கே காட்ட வேண்டியவை. தும்மல், விக்கல், குடித்ததும் வாயோரம் கொஞ்சம் வழிவது, தோல் உரிவது, சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுக் கையை விரிப்பது, தூக்கத்தில் ஐந்து பத்து நொடி மூச்சு நின்று திரும்ப வேகமாக வருவது, இதெல்லாம் கவலைப்பட வேண்டியவை அல்ல. மூச்சு நிற்பது 20 நொடிக்கு நீண்டால் மட்டும் வேறு கதை.

சரி, எப்போது ஒழுங்குக்கு வரும் என்று கேட்டீர்களே. ஆறு எட்டு வாரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து நிஜமாகச் சிரிக்கும், அழுகையும் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். மூன்று மாத வாக்கில் நிறையக் குழந்தைகள் இரவில் ஒரு நீட்டு நாலைந்து மணி நேரம் தூங்கும், பகல் தூக்கத்துக்கும் ஏதோ ஒரு சாயல் வரும், அப்போது நீங்கள் கேட்கும் ரொட்டீனைப் பற்றிப் பேசலாம். குறைமாதத்தில் பிறந்திருந்தால் இந்தக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஐந்தாவது வாரத்திலேயே விடிய விடியத் தூங்குகிறது என்றால் தூங்கட்டும்.

இன்று இரவு செய்ய வேண்டியது: ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அவரை வேறு அறையில் படுக்கச் சொல்லி அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். ஒரு தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டி நேரம், இடதா வலதா, ஈரமா மலமா என்று மட்டும் எழுதுங்கள், "எப்போ குடிச்சது?" என்று அவரை எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது. அந்த ஈரத் துண்டை நீங்களே காயப் போட்டுவிடுங்கள்.